பழையது நமக்கு, புதியது பிறர்க்கு

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும் நாள்களில் விழுப்புரம் எம்.ஜி. சாலையிலும் திண்டிவனம் நேரு வீதியிலும் துணிக்கடைகளில் கால் வைக்க இடமிராது. தலைக்கு ஒன்றென வீட்டில் அனைவருக்கும் புதுத்துணி எடுத்தாக வேண்டும். கையில் காசில்லையெனில் வாரத் தவணைக்குக் கடன் வாங்கியேனும் எடுத்தாக வேண்டும். எடுத்த பின் பெட்டியில் இடமில்லை. எனவே பழைய துணிகளை மூட்டையாகக் கட்டி, "ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று கோவிலில் கொண்டுபோய் வைக்கிறோம். புதியது நமக்கு, பழையது பிறர்க்கு. இதுவே நம் விழாக்கால அறமாகிவிட்டது. இந்த அறம் தலைகீழானது என்பதே நம் குற்றச்சாட்டு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த இரு நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேர்ந்து தென்பெண்ணைக் கரையூர்களை மூழ்கடித்தது. டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. உடுத்திய துணியோடு வெளியேறிய மக்களுக்கென்று மூட்டைகள் குவிந்தன. அவற்றை அவிழ்த்துப் பிரித்தவர்கள் அறிவார்கள்: பொத்தானற்ற சட்டைகள், ஜிப் அறுந்த கால்சட்டைகள், துவைக்காத போர்வைகள். நல்லவையும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் வீடே நீரில் போனவர் ஊசிக்கும் நூலுக்கும் எங்கே போவார்? 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் எவரும் தொடாத பழந்துணிகள் குவிந்து கிடந்ததை நாடே கண்டது. இருபது ஆண்டுகளில் நாம் கற்றுக்கொண்டது என்ன?

அதே திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, டிசம்பர் 15ஆம் நாள், நம் கோவில்களில் லூக்கா நற்செய்தி வாசிக்கப்பட்டது. "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்ட கூட்டத்திற்குத் திருமுழுக்கு யோவான் தந்த முதல் விடையே ஆடையைப் பற்றியது. இரண்டு அங்கி உடையவர் இல்லாதவரோடு பகிரட்டும் என்றார். நைந்துபோனதைக் கொடுக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆமியேன் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தன் போர்வையை வாளால் இரண்டாக வெட்டிக் கொடுத்த புனித மார்ட்டின், தான் போர்த்தியிருந்ததையே பகிர்ந்தார். மிஞ்சிய பாதியைப் போர்த்திக்கொண்டு நின்ற அவரைக் கண்டு அருகிலிருந்த சிலர் நகைத்தனர் என்று அவர் வரலாற்றை எழுதிய சுல்பீசியு செவேருஸ் குறித்துள்ளார். வெட்டுண்ட துணியை உடுத்தி நகைப்புக்கு ஆளாவதைப் புனிதர் ஏற்றார். நாமோ, "போன வருசத்துத் துணிதானே இது?" என்று பக்கத்து இருக்கையில் யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சிக் கடன்படுகிறோம்.

பழையதை உடுத்துவதென்றால் கிழிசலோடு கோவிலுக்கு வருவதென்று பொருளன்று. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னவர்கள் நம் முன்னோர். நம் பாட்டிமார் பாவாடை தைக்கும்போதே அடியில் இரண்டு டக் பிடித்து வைப்பார்கள். பெண் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் ஒரே பாவாடை மூன்று விழாக்களைக் காணும். பிரித்த இடத்தில் பழைய மடிப்புக் கோடு தெரிந்தால் அதன்மேல் ஒரு லேஸ் வைத்தோ, வண்ண நூலால் சங்கிலித் தையல் போட்டோ மறைப்பார்கள்; குறையே அலங்காரமாகிவிடும். உடல் நைந்தும் கரை நையாத பட்டுச் சேலை எத்தனை வீட்டுப் பெட்டிகளில் உறங்குகிறது! அந்தக் கரையை வெட்டிச் சாதாரணப் பருத்திப் பாவாடையின் அடியில் வைத்துத் தைத்தால், கடையில் கிடைக்காத விழா ஆடை அது. நிறம் மங்கிய பருத்தித் துணியைக் கடுக்காய் ஊறிய நீரிலும் படிகார நீரிலும் நனைத்தெடுத்த பின் சாயமேற்றினால் நிறம் நன்கு பற்றும். பீடத்தில் வாடிய துலுக்கச் சாமந்தியைக் கொதிக்க வைத்தாலே மஞ்சள் சாயம் கிடைக்கும். பாலியெஸ்டரில் இது பலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

பழைய ஆடையில் புதிய ஒட்டுப் போடலாகாது என்று ஆண்டவரே சொல்லவில்லையா என்று நம்மை ஒருவர் மடக்கினார். அவ்வுவமையின் பொருள் வேறு. எனினும், ஆண்டவர் அங்கே குறிப்பிடுவது இன்னும் நனைந்து சுருங்காத துணியை. ஒட்டு சுருங்கும்போது பழைய துணியை இழுத்துக் கிழிக்கும் என்பது, நாசரேத்து வீட்டில் ஒட்டுப் போடும் கைகளைப் பார்த்து வளர்ந்தவர்க்கே தெரியும் நுட்பமன்றோ? ஒட்டுத் துணியை முதலில் நனைத்துக் காயவைத்துத் தைத்தால் தீர்ந்தது.

இங்கே நம்மை நாமே எச்சரித்துக்கொள்ள வேண்டும். பண்ணையார் வீட்டுப் பழந்துணியைக் கைநீட்டி வாங்கி உடுத்திய தலைமுறைகள் இம்மண்ணில் இருந்தன. வெள்ளை வேட்டி கட்டியதற்காகவே தலித் மக்கள் அடிபட்ட வரலாறு தமிழகத்திற்கு உண்டு. நம் இறைமக்களில் பெரும்பகுதியினர் அவர்களே. அவர்களுக்குப் புத்தாடை பகட்டன்று. நிமிர்ந்து நிற்கும் உரிமை. அதை அவர்களிடம் "வீண் செலவு" என்று போதிக்க நமக்கு என்ன தகுதி? எளிமை என்பது பெட்டி நிறைந்தவர்கள் தாமே ஏற்க வேண்டிய நோன்பு. பெட்டியே இல்லாதவர்மீது சுமத்தும் சட்டமன்று. ஆகவேதான் சொல்கிறோம்: நம் பழையதை நாமே சீர்செய்து உடுத்துவோம், அதனால் மிஞ்சும் பணத்தில் பிறர்க்குப் புதியது எடுப்போம்.

எல்லாரும் பழையதை உடுத்தினால் நெசவாளர் பிழைப்பது எப்படி என்பர். விழுப்புரத்தை அடுத்த சிறுவந்தாட்டில் பட்டு நெய்யும் குடும்பங்களை நாம் மறக்கவில்லை. ஆனால் மூன்று சலவையில் சாயம் போகும் மலிவுத் துணியை அள்ளும்போது நமக்கு அவர்கள் நினைவு வந்ததுண்டா? பத்து ஆண்டு உழைத்து, பின் பாவாடையாகவும் தலையணை உறையாகவும் மறுபிறவி எடுக்கும் ஒரு கைத்தறிச் சேலையை வாங்குவதே அவர்களுக்குச் செய்யும் நீதி. மலிவின் விலையை வேறெவரோ கொடுக்கிறார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்து, உழவர் நிலங்களைப் பாழாக்கி, 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிடும் அளவுக்குப் போனது. ஒரு பொருளை எறியாமல் மீண்டும் பயன்படுத்துவதும் அன்புச் செயலாகலாம் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் 'லௌதாத்தோ சி' மடலில் எழுதியது, நொய்யல் உழவருக்காகவும் தானே?

இன்னொரு கேள்வி நேர்மையானது: இதுவும் பெண்கள் தலையில்தானா? கூடாது. நம் ஊர்த் தையற்கடைகளில் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்போர் பலரும் ஆண்களே. கூலிக்கு ஊசி பிடிக்கலாம், வீட்டிற்குப் பிடிக்கக் கூடாதா? கூடாரம் செய்து பிழைத்த புனித பவுல் தையலை இழிவென்று எண்ணவில்லை. பொத்தான் வைக்கவும், கிழிசலில் இழை ஓட்டவும் நம் மகன்களும் கற்கட்டும். அன்பியக் கூட்டம் ஒன்றை ஊசி நூலோடு நடத்தினால் என்ன குறைந்துவிடும்? செபமாலையும் சொல்லலாம், சட்டையும் தைக்கலாம்.

நம் வீடுகளில் குழந்தை பிறந்தால் முதலில் எதில் பொதிகிறோம்? புதுத்துணியிலா? பலமுறை துவைத்து மென்மையான பழைய பருத்தித் துணியில். தூளி கட்டுவதும் தாயின் பழைய சேலையில்தான். அதற்காக எந்தத் தாயும் வெட்கப்பட்டதில்லை. பெத்லகேமில் துணிகளில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தையின் விழாவுக்கு மட்டும் நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

வரும் திருவருகைக் காலத்தில் கடைக்குப் போகுமுன் பெட்டியைத் திறப்போம். நமக்கு உரியதைத் தைத்து முடித்த பின் கடைக்குப் போவோம். அங்கே நம் பிள்ளைக்கு எடுப்பது போலவே பார்த்துப் பார்த்து, அடுத்தவர் பிள்ளைக்கு ஒரு புத்தாடை எடுப்போம்.