அழிக்குமுன் அடுக்குவோம்

இன்றைய கைத்தொலைபேசி ஒரே நொடியிற் பத்துப் படங்களேனும் பிடித்துவிடும். கண்டியை அடுத்த அலவத்துகொடவிலும் திருமண வீடுகளில் இதுவே வழக்கம். பின்னர் முகம் தெளிந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை அழித்துவிடுகிறோம். இது வீண் இழப்பென்பேன்.

1878ஆம் ஆண்டு அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பார், வரிசையாக நிறுத்திய கமராக்களால் ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். அதன் நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தை விட்டெழும் கணம் உண்டென்பதை அப்படங்கள் காட்டின. அவற்றைப் பார்த்து வரைந்த உருவங்களைக் கண்ணாடித் தட்டிற் சுழலவிட்டபோது குதிரை திரையில் ஓடிற்று.

நாமும் எட்டுப் படங்களை முறைப்படி அடுக்கி, ஒரு நொடியில் ஓடவிட்டாற் போதும். மணமக்களை வாழ்த்த உயரும் பாட்டியின் கையும், அதன் நடுக்கமும் மீண்டும் தோன்றும். அவள் முகத்தைக் காக்க ஒரு படம் போதும்; அசைவைக் காக்க ஒன்று போதுமா?