சுகமோ என்று கேட்டால் போதுமா?



குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாவுக்குக் கனடாவிலிருந்து மகனின் அழைப்பு. "ஓமப்பு, சுகமா இருக்கிறன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை."

போனை வைத்ததும், "கடைசியா எப்ப அம்மா பிரஷர் பாத்தனீங்கள்?" என்று கேட்டேன். சிரித்தார். "தலைச்சுத்து வந்தால் பாப்பம் தம்பி."

நம் வீடுகளிலும் இதே கதைதானே? ஆனால் பிரஷர் ஏறினால் பெரும்பாலும் தலை சுற்றாது, எங்கும் நோகாது. சீனி வருத்தமும் அப்படித்தான். கண்ணையோ சிறுநீரகத்தையோ தொட்ட பிறகே பலருக்குத் தெரிகிறது. 140/90 என்பதையும், வெறுவயிற்றுச் சீனி 126 என்பதையும் மனம் சொல்லாது, கருவிதான் சொல்லும்.

தீவக மக்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. குருதிக்கட்டி அடைத்துப் பாரிசவாதம் வந்தால், மூளையை ஸ்கேன் செய்து, கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்த வசதியுள்ள வைத்தியசாலைக்குப் போக, நெடுந்தீவிலிருந்து ஒரு மணி நேரம் கடல். பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம். காற்று எழும்பிய இரவென்றால்? பிரஷர் பார்க்க அப்படி ஓட வேண்டியதில்லை. ஊர் வைத்தியசாலையே போதும்.

வருத்தம் ஒன்றும் தெரியாதவர்களுக்காகவே 2011 முதல் நாடெங்கும் 'ஹெல்தி லைஃப்ஸ்டைல்' நிலையங்கள் தொடங்கப்பட்டன. நிறை, பிரஷர், சீனி எல்லாம் பார்த்து, அடுத்த 10 ஆண்டில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பையும் கணித்துச் சொல்வார்கள். காசு இல்லை.

ஒன்று மட்டும். படகால் இறங்கிய கையோடு ஓடிப்போய்க் கையை நீட்டாதீர்கள். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் இருங்கள். அதற்கு முந்திய அரை மணி நேரம் தேத்தண்ணியும் வேண்டாம், சுருட்டும் வேண்டாம். ஒருமுறை அதிகமாகக் காட்டினால் பயப்படாமல் இன்னொரு நாளும் பாருங்கள். குளிசை தந்தால், "இப்ப சுகம்தானே" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்தச் சுகமே குளிசை தந்ததாக இருக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, அடுத்தமுறை பேசும்போது "சுகமோ?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "பிரஷர் எத்தனை அம்மா?" என்றும் கேளுங்கள். தெரியாது என்றால், அதற்கடுத்த அழைப்பிலும் கேளுங்கள். நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காகவாவது அம்மா போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அன்புடன்,
ஆசிரியர்