கடைசிப் பங்கை ஏற்பவர் யார்?

ஜப்பான் நாட்டின் ஷிகோகு தீவில் கடலோரமாக அமைந்தது தக்காமட்சு நகரம். அங்குச் செல்வோர் காணத் தவறாத இடம் மருகமேமாச்சி என்னும் பழமையான கடைத்தெரு. சுமார் 470 மீட்டர் நீளமுள்ள இத்தெரு முழுவதற்கும் வெளிச்சம் புகும்படியாக மேற்கூரை அமைத்திருக்கிறார்கள். மழையாயினும் வெயிலாயினும் மக்கள் குடையின்றி நடந்து பொருள் வாங்கலாம். வடமுனையில் உயர்ந்ததொரு கண்ணாடிக் குவிமாடம் இருக்கிறது. வருவோர் அண்ணாந்து பார்த்து வியப்பது அதனையே. ஆயினும், கூட்டுறவாளர் கருதிப் பார்க்க வேண்டியது அக்கூரையின் கீழுள்ள ஏற்பாட்டையே என்பது என் கருத்து.

1988-ஆம் ஆண்டு இத்தெரு தனது 400-ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. இன்னும் நூறாண்டு இது நிலைத்திருக்குமா என்ற கேள்வியும் அப்பொழுதே எழுந்தது. அதே ஆண்டில் ஷிகோகுவைப் பெருந்தீவான ஹொன்ஷுவுடன் இணைக்கும் பாலம் திறக்கப்பட்டது. வெளியூர்ப் போட்டி மிகுந்தது. புறநகரில் பெரிய அங்காடிகள் பெருகின. நில விலை ஏறியபொழுது தெருவில் குடியிருந்தோர் வெளியேறினர். பின்னர் அவ்விலை வீழ்ந்தபொழுது வியாபாரமும் நலிந்தது.

வணிகர்கள் என் செய்தனர்? தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் முயற்சியால் தெருவை 7 பகுதிகளாக வகுத்துத் திட்டமிட்டனர். நிலத்தை எவரும் விற்கவில்லை. உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, நெடுங்காலக் குத்தகைக்கு விட்டனர். எந்த இடத்தில் எந்தக் கடை அமைவது என்பதைப் பொது நிர்வாகமே முடிவு செய்கிறது. மாடிகளில் குடியிருப்புகளும் அமைந்தன. முதற்பகுதி 2006-இல் நிறைவெய்தியது. அரசின் உதவித் தொகையும் கிடைத்தது, அதனை மறைத்தற்கில்லை.

ஆனால் உதவித் தொகையைவிட முக்கியமானது ஒன்றுண்டு. கடை வாடகையாக வரும் பணத்தில் நிர்வாகச் செலவும் கடன் தவணையும் போக, எஞ்சியதே நிலத்துக்கு உரியவர்களின் பங்கு. வியாபாரம் குறைந்தால் முதலில் குறைவது அவர்கள் வருமானமே. ஆகவே தெருவின் நலனில் அவர்களுக்கு நாள்தோறும் அக்கறை உண்டாகிறது. தன் இடம், தன் வாடகை என்று ஒவ்வொருவரும் தனித்து நின்றிருந்தால் இது கைகூடியிராது.

"உடைமையாளன் ஏன் கடைசியில் நிற்க வேண்டும்?" என்று சிலர் வினவலாம். நட்டத்தில் பங்கு கொள்ளாதவன் உடைமையாளன் ஆகான் என்பதே என் விடை. சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில், "இவ்வாண்டு பங்காதாயம் எவ்வளவு?" என்ற கேள்வியையே நான் முதலில் கேட்கிறேன். கடன் தவணை கட்டியாயிற்றா, சேமநிதிக்கு ஒதுக்கியாயிற்றா என்று வினவுவோர் மிகச் சிலரே. நெசவாளராயினும் விவசாயியாயினும், சங்கம் தமதென்று கருதும் உறுப்பினர் அவ்விரு கேள்விகளையும் முதலில் கேட்டு, தம் பங்கைப் பற்றிக் கடைசியில் கேட்பாராக. அன்பர்களே, வரும் பொதுக்குழுவிலேனும் அம்முறையைத் தொடங்குவோமா?