மூன்றாவது கூடை

வீட்டுக் குப்பை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன காய்கறித் தோலும், பழைய தாளும், உடைந்த தகரமும் ஆகும். தோல் மட்கி உரமாகும். தாளும் தகரமும் காசாகும். இவ்விரு வகையிலும் சேராத மூன்றாம் வகை ஒன்று நம் இல்லங்களில் ஓசையின்றிப் பெருகியுள்ளது. ஒளி அவிந்த குழல் விளக்கு, வலிமை தீர்ந்த மின்கலம், காலங்கடந்த மாத்திரை, பூச்சிமருந்துப் புட்டி, நீரிழிவு நோயாளர் போட்டுக்கொண்ட ஊசி ஆகிய இவை அளவில் சிறியன. விளைக்கும் தீங்கோ பெரிது.

குழல் விளக்கினுள் இருக்கும் பாதரசம் சில மில்லிகிராமே. விளக்கு முழுதாய் இருக்கும்வரை அதனால் இடரில்லை. குப்பை வண்டியில் அது நொறுங்கும்போது பாதரச ஆவி வெளிப்படுகின்றது. அதனை முதலில் மூச்சில் வாங்குபவர் யார்? அவ்விளக்கின் ஒளியில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர் அல்லர். வண்டியருகே நிற்கும் தூய்மைப் பணியாளரே. ஊசியின் கதையும் இதுவே. மூடியின்றிப் பையில் எறியப்பட்ட ஊசி, அப்பையைப் பிரிப்பவரின் விரலில் தைக்கின்றது. கல்லீரல் அழற்சிக் கிருமி அவ்வழியே உடலுள் புகவும் கூடும். லித்தியம் மின்கலமோ நசுங்கினால் தீப்பற்றும்.

ஜப்பான் நாட்டு மினமாட்டாவில் ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் கடலிற் கலந்து, மீன்வழியே மக்கள் உடலிற் புகுந்தது. அந்நோய் 1956-இல் வெளிப்பட்டது. ஒரு வீட்டு விளக்கை அவ்வாலையோடு ஒப்பிடுதல் மிகையே. ஆயினும், ஒரு பெருநகரின் வீடுகள் அனைத்தும் எறியும் விளக்குகள் ஒரே குப்பைமேட்டைச் சேர்கின்றன. சென்னையின் பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மீதே எழுந்தது அன்றோ?

2016-இல் இந்திய அரசு வகுத்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், இம்மூன்றாம் வகையைத் தனியே பிரிக்குமாறு இல்லத்தாரைப் பணித்தன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு நிலையம் அமைக்குமாறு உள்ளாட்சி மன்றங்களைப் பணித்தன. 2022-ஆம் ஆண்டின் விதிகள், பயன் தீர்ந்த மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை அவற்றைச் செய்து விற்போர்மீது வைத்தன. நோக்கம் நன்று. ஆனால் 20 சதுர கிலோமீட்டர் என்பது 5 கிலோமீட்டர் நீளமும் 4 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நிலப்பரப்பு. இரண்டு மின்கலங்களைக் கையிலேந்திப் பேருந்து ஏறிச் செல்வோர் எத்தனை பேர்? மக்களுக்குப் பொறுப்பில்லை என்று பழிகூறுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. தாம் பிரித்து வைத்த கூடைகள் யாவும் ஒரே வண்டியில் ஒன்றாய்க் கொட்டப்படுவதை ஓர் இல்லத்தரசி ஒருமுறை கண்டால் போதும்; மறுநாள் அவர் பிரியார்.

ஆதலின் நிலையம் மக்களை நோக்கி வரவேண்டும் என்பதே என் கருத்து. தமிழ்நாட்டில் 30,000-க்கு மேற்பட்ட நியாயவிலைக் கடைகள் உள்ளன. குடும்பத்தில் ஒருவரேனும் திங்கள்தோறும் அங்கே செல்கின்றார். அரிசி அளக்கும் இடத்தில் நஞ்சா என்று சிலர் வினவலாம், வினா நியாயமானதே. கடைக்குள் எதையும் வைக்க வேண்டா. திங்களில் ஒரு நாளைக் குறித்து, அந்நாளில் கையுறை அணிந்த பணியாளருடன் ஒரு தனி வண்டி அத்தெருமுனையில் நிற்கட்டும். அதுவரை விளக்கு அட்டை உறையிலும், ஊசி மூடியிட்ட தடித்த டப்பாவிலும், மாத்திரை தன் உறையிலும் சிறுவர் கைக்கெட்டாத பரண்மேல் காத்திருக்கும்.