மூளை கண்ட பால்வழு!

"ஆணுக்கொரு தொழில், பெண்ணுக்கொரு தொழில் என வகுத்தவர்கள் நாங்களல்லர், இயற்கை! மூளையின் அமைப்பே அப்படி!" என்கின்றனர் பழமையின் காவலர்கள். நேற்றுவரை சாத்திரத்தைத் துணைக்கழைத்தவர்கள், அதன் சாயம் வெளுத்தபின் விஞ்ஞானச் சட்டை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். வரட்டும்! விஞ்ஞானத்தையே கேட்போம்.

1997ஆம் ஆண்டு அமெரிக்காவில், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆஸ்டர்ஹவுட்டும் அவருடைய துணைவர் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தலைமீது மின்முனைகள் பொருத்தப்பட்ட ஆடவரும் பெண்டிரும், 'மருத்துவர் அறுவைக்குத் தன்னை ஆயத்தப்படுத்திக் கொண்டார்' என்பது போன்ற வாக்கியங்களைப் படித்தனர். ஆங்கிலத்தில் 'தன்னை' என்னும் சொல் ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு. அங்கே பெண்பாற்சொல் வந்ததும், ஒரு வினாடி முடியுமுன் மூளையில் ஒரு மின்னலை எழுந்தது. எத்தகைய அலை? இலக்கணப் பிழையைக் காணும்போது எழுகிறதே, அதே வகை அலை! மருத்துவர் பெண்ணாயிருப்பதை மூளை பால்வழுவாகக் கண்டது!

"பார்த்தீர்களா!" என்று பழமை துள்ளும். துள்ள வேண்டா! ஆங்கில இலக்கணத்தைக் கற்றுக்கொண்டே பிறந்த குழந்தை உண்டா? கேட்டுக் கேட்டுப் படிந்ததன்றோ இலக்கணம்? 'மருத்துவர் என்றால் ஆண்' என்பதும் அவ்வாறு படிந்ததே. மேலும், அரசன், தாய் போலச் சொற்பொருளிலேயே பால் அமைந்த பெயர்கள் பிறழ்ந்தபோது அலை பெரிது; தொழிற்பெயர்கள் பிறழ்ந்தபோது சிறிது. பொருள் வேறு, வழக்கம் வேறு என்பது மூளைக்கே தெரிகிறது; பழமைக்குத்தான் தெரியவில்லை!

மூளையின் பெயரால் பெண்ணைத் தடுப்பது புதிதுமன்று. மூளைக்கு மிகுந்த வேலை கொடுத்தால் பெண்ணின் மகப்பேற்று உறுப்புகள் நலியும் என 1873இல் நூலெழுதினார், ஹார்வர்டில் மருத்துவப் பேராசிரியராயிருந்த எட்வர்டு கிளார்க். அதற்கு முன்பே, 1849இல், எலிசபெத் பிளாக்வெல் அந்நாட்டின் முதல் பெண் மருத்துவப் பட்டதாரியாகிவிட்டார்! அவரைச் சேர்க்கலாமா என்று கல்லூரி கேட்டபோது, வேடிக்கையென்று எண்ணியே மாணவர்கள் இசைவு தந்தனர். 2019இலோ, அமெரிக்க மருத்துவ மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள்! இந்த 170 ஆண்டுகளில் மாறியது மூளையின் அமைப்பா? இல்லை, வழக்கம்!

ஆனால் தோழர்களே, இவ்வாய்வில் நமக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 'இவ்வாக்கியம் சரியானதே' என்று தீர்ப்பளித்தவர்களின் மூளையிலும் அந்த அலை எழுந்தது! பெண்களின் மூளையிலும் எழுந்தது! நா ஒப்புகிறது, உள்ளே படிந்த பழக்கம் முரண்டுகிறது. சமத்துவத் தீர்மானத்துக்குக் கை தூக்கியதோடு கடமை முடிந்ததென்று நாம் இருந்துவிடலாமா?

படிந்ததைக் கரைக்க வேண்டிய இடம் மேடை மட்டுமன்று, பள்ளியும் வீடும். அம்மா சமைப்பதும் அப்பா அலுவலகம் செல்வதுமாகவே பாடப்படங்கள் வரையப்படும்வரை, ஆசிரியனே அந்தப் பால்வழுவைக் கற்பிக்கிறான். மாற்றி வரைவோம்! மாற்றிச் சொல்வோம்! கரண்டி பிடித்த தந்தையையும் கத்தி பிடித்த மருத்துவச்சியையும் கண்டு கண்டு வளரும் குழந்தையின் மூளை, எதற்காகத் துணுக்குறப் போகிறது?