மிளகு பாக்கெட்டில் ஊர்ப்பெயர் வேண்டும்

நாட்டு மருந்துக் கடையில் மிளகு கேட்டால் திப்பிலியையோ வால்மிளகையோ யாரும் எடுத்து நீட்டுவதில்லை. மூன்றும் ஒரே பேரினக் கொடிகளில் காய்ப்பவை என்றாலும், வேலை வேறு, விலை வேறு என்பது இரு தரப்புக்கும் தெரியும். மேல்நாட்டுக் கடைகளிலோ ஜமைக்காவின் ஆல்ஸ்பைஸ், சீனத்துச் சிச்சுவான் காய், தென்னமெரிக்க இளஞ்சிவப்புப் பழம், போதாக்குறைக்கு மிளகாய் என எல்லாமே பெப்பர்தான். மிளகுக் கொடிக்கு இவை எதுவும் சொந்தமில்லை. செடியைப் பிரித்தறிவதில் நாம் கெட்டிக்காரர்கள். அதே செடி எங்கே விளைந்தது என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் இந்தக் கேள்விக்குப் பண மதிப்பு உண்டு. அங்கே மிளகுக்கு கார்பிள்டு, அன்கார்பிள்டு என்று இரண்டு விலை. தூசியும் காம்பும் பொக்கும் நீக்கியது முன்னது. ஏற்றுமதித் தரமான 'மலபார் கார்பிள்டு 1' பொதுவாக வியட்நாம் மிளகைவிடக் கூடுதல் விலைக்குப் போகும். இந்த வித்தியாசம்தான் வெளிச்சரக்கை உள்ளூர்ச் சரக்கோடு கலக்க ஆசை காட்டுகிறது. 2000-இல் நடைமுறைக்கு வந்த தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் சலுகையில் இலங்கை மிளகு வருகிறது. அதே வழியில் வியட்நாம் சரக்கும் நுழைகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. துறைமுகத்தில் போட்ட அந்த வேலி, கிடங்குக்குள் கலந்துவிட்ட சரக்கை என்ன செய்யும்? மலபார் மிளகுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் மளிகைக் கடையின் 100 கிராம் பாக்கெட்டில் விளைந்த இடத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. சில்லறை விற்பனைக்கு வரும் எல்லா மிளகிலும் விளைந்த நாட்டையும், இந்திய மிளகென்றால் மாநிலத்தையும் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

எல்லாம் ஒரே செடிதானே, ஊர் எதற்கு என்பார்கள். உண்மையில் காரம் தரும் பிப்பெரின், இலங்கை மிளகில் பல நேரம் நம்முடையதைவிட அதிகம். அப்படியானால் அது தன் பெயரிலேயே விற்கட்டுமே! வேற்றுச் சரக்கை மலபார் என்று விற்பவர், வயநாட்டு விவசாயி சம்பாதித்த பெயரையல்லவா விற்கிறார்? பல தோட்டங்களின் மிளகு ஒரே கிடங்கில் சேரும்போது சிறு வியாபாரி எப்படிக் கணக்கு வைப்பார் என்பது இதைவிட நியாயமான கேள்வி. அதனால்தான் தோட்டத்தின் பெயரைக் கேட்கவில்லை. நாடும் மாநிலமும் கொள்முதல் ரசீதிலிருந்தே தெரிந்துவிடும். கலந்து விற்பவர் கலந்தது என்றே போடட்டும். இறக்குமதியையே நிறுத்து என்ற கோரிக்கையை மட்டும் ஏற்க முடியாது. கொச்சியைச் சுற்றியுள்ள ஒலியோரெசின் ஆலைகள் வெளிநாட்டு மிளகிலும் சாறெடுத்து ஏற்றுமதி செய்கின்றன. அங்கே போகும் மூட்டைகளை விட்டுவிடலாம். நம் ரசத்துக்கு வரும் பாக்கெட்டுக்குத்தான் இந்த விதி தேவை.