தனிக்குடித்தனம் குற்றவாளி அல்ல

முதியோர் இல்லம் பற்றி ஒரு செய்தி வந்தால் போதும், தீர்ப்பு தயாராக இருக்கிறது: "கூட்டுக் குடும்பம் உடைந்தது, பெற்றவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள்." பொங்கல் பட்டிமன்றத்தில் இதற்குக் கைதட்டல் நிச்சயம். கல்யாணப் பந்தியில் மறுத்துப் பேச ஆள் இருக்காது. தாத்தா, பெரியப்பா, சித்தப்பா என்று இருபது பேர் ஒரே உலையில் உண்ட காலம் ஒன்று எல்லோருக்கும் இருந்ததாம். பட்டணமும் வேலைக்குப் போகும் மருமகளும் அதைக் கெடுத்துவிட்டார்களாம். இந்தக் கதையில் வரலாறும் தப்பு, குற்றவாளியும் தப்பு.

சுதந்திர இந்தியாவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1951இல், ஆர்.ஏ. கோபாலசாமி ஆணையராக இருந்தபோது நடந்தது. அன்றைக்கே கிராமத்து வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் இருந்தவர்கள் மூன்று பேர் அல்லது அதற்கும் குறைவு. பிரிந்து போய்த் தனி வீடு வைக்கும் பழக்கம் வலுவாகவே இருக்கிறது என்று அந்த அறிக்கையே சொன்னது. அப்போது ஐ.டி. கம்பெனியும் இல்லை, மெகா சீரியலும் இல்லை. சமூகவியலாளர் ஏ.எம். ஷா குஜராத்தில் ஒரு கிராமத்தின் 1825ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்து ஆராய்ந்தார். அங்கும் சிறு குடும்பங்களே மிகுதி.

சேர்ந்திருக்க வைத்தது பாசம் மட்டுமல்ல, நிலம். பங்கு பிரித்தால் குறைந்துபோகும் சொத்து இருந்த வீட்டில் அண்ணன் தம்பிகள் ஒன்றாக இருந்தார்கள். கூலிக்குப் போனவர் வீட்டில் மகனுக்குக் கல்யாணமானால் பக்கத்திலேயே இன்னொரு குடிசை எழும்பியது. நிலவுடைமை வீடுகளின் நினைவைத்தான் நாம் ஊர் முழுவதற்கும் பொதுவாக்கிக்கொண்டோம்.

பெரிய வீடு என்றதும் எல்லோரும் கைகாட்டும் செட்டிநாட்டையே பார்ப்போம். வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி, மணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. அந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர்களான நகரத்தாரிடம் 'வேறு வைத்தல்' என்றொரு வழக்கம் உண்டு: கல்யாணமான பிள்ளையையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனிச் சமையலுக்கு விடுவார்கள். கோயில் வரிக்குக்கூடத் தம்பதிதான் ஒரு 'புள்ளி', அதாவது ஒரு கணக்கு. கூரை ஒன்று, அடுப்பு வேறு. அதை யாரும் குடும்பம் உடைந்தது என்று அழவில்லை.

ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் பெற்றோர் பத்திரம் என்பது அடுத்த மயக்கம். 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவைப் படியுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, வாங்கியவர் பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கஞ்சி ஊற்றாதவர்களை மனத்தில் வைத்தே அந்தப் பிரிவு எழுதப்பட்டது.

'முறை வைத்துச் சோறு' போடுவதும் நம் ஊரில் புதிதல்ல. அப்பா பெரியவன் வீட்டில், அம்மா சின்னவன் வீட்டில்; மாதம் பிறந்தால் இடம் மாறும். மஞ்சள் பையில் இரண்டு வேட்டி, மூக்குக் கண்ணாடிக் கூடு, சர்க்கரை மாத்திரை டப்பா, பாஸ்புக். முப்பத்தொரு நாள் மாதம் யார் தலையில் விழுந்தது என்று அடுப்படியில் முணுமுணுப்பு. இவர்கள் மகன் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஊர் கணக்கில் அநாதை இல்லை.

இந்தப் பழங்கதையின் சுமை விழுவது மருமகள் மேல். தக்க காரணமில்லாமல் கணவனை அவன் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோக மனைவி விடாப்பிடியாக நின்றால் அது கொடுமை என்று 2016இல் உச்ச நீதிமன்றமே ஒரு விவாகரத்து வழக்கில் தீர்ப்பளித்தது. அவளைப் பெற்றவர்கள் யார் வீட்டில் இருப்பார்கள்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. இரண்டே பிள்ளை பெற்ற வீடுகளில் ஏறத்தாழ நாலில் ஒன்றில் இரண்டுமே பெண்ணாக இருக்கும். மகனோடுதான் முதுமை என்ற ஏற்பாடு அந்த வீடுகளை எந்தக் கணக்கில் சேர்க்கிறது? 'மகள் வீட்டில் கை நனைப்பதா' என்று கூசுகிறவர்களுக்கு அது பதில் சொல்வதில்லை.

மனமொத்துச் சேர்ந்து வாழ்கிறவர்கள் வாழட்டும். பேரப்பிள்ளைகளுக்கு அதைவிடச் சுகம் வேறில்லை. அதையே ஒழுக்கத்தின் அளவுகோலாக்கி, தனி வீடு வைத்தவர்களைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதுதான் தவறு. பழி எல்லாம் வீட்டுக்குள்ளேயே விழுவதால் அரசுக்கும் வசதி. மாநில முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயானது; நாளுக்கு நாற்பது ரூபாய். மருமகளைத் திட்டுகிற வாய் இதைக் கேட்பதில்லை.

வயதானவருக்கு வேண்டியது கையில் சொந்தப் பணம், தன் பெயரில் வீடு, தன் இஷ்டத்துக்கு உப்புப் போட ஓர் அடுப்பு, கூப்பிட்டால் வந்து நிற்கும் தொலைவில் மகனோ மகளோ. இவை இருந்தால் தனிக்குடித்தனத்திலும் கௌரவமாக வாழலாம். இவை இல்லாதவருக்கு எட்டுப் பேர் இருக்கும் வீட்டிலும் மிஞ்சுவது திண்ணைதான். ஆகவே உயிரோடு இருக்கும்போதே வீட்டை எழுதிக் கொடுக்காதீர்கள். மகளுக்கும் பொறுப்பில் பங்கு கொடுங்கள், சொத்திலும் கொடுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அந்த நாற்பது ரூபாய்க்குக் கணக்குக் கேளுங்கள்.